அசல் எது? போலி எது? ஒரு நாணயச் சேகரிப்பாளனின் அனுபவம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மலருக்காகச் சில இடங்களைச் சேர்த்தும் சில இடங்களைக் குறைத்தும் தந்திருக்கிறேன்.)

போன மாதம் சங்கச் செயலாளர் போன் பண்ணினார். "பழைய கதை பேசறதுக்கு ஆள் நிறைய இருக்காங்க. நீ ஏதாவது உபயோகமா பேசு" என்றார். எனக்குத் தெரிந்த உபயோகமான விஷயம் இரண்டுதான். ஒன்று, டை செய்வது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் முப்பத்தொரு வருஷம் அதைத்தான் செய்தேன். இன்னொன்று, பழைய காசு சேர்ப்பது. இரண்டும் ஒரு இடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்க நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வரும் வெளிநாட்டு மாலுமிகள் டீக்கடையில் சில்லறை இல்லாமல் எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஓட்டை போட்ட காசு, பன்னிரண்டு மூலை வைத்த காசு, கப்பல் படம் போட்ட காசு. டீக்கடைக்காரருக்கு அது குப்பை. நைனா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் கையில் போடுவார். எனக்கு பூகோளம் தெரிந்தது புத்தகத்தில் இல்லை, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான். பிறகு காலேஜ் படிக்கும்போது ராயபுரத்திலிருந்து சென்ட்ரல் வரை நடந்தே போய், மூர் மார்க்கெட்டில் மணிக்கணக்காக நிற்பேன். 1985ல் அது எரிந்துபோனபோது எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டில் ஒருத்தர் போன மாதிரி இருந்தது.

நம் பகுதிக்கும் காசுக்கும் சொந்தம் பெரிது. இங்கிருந்து பஸ்ஸில் ஏறி "ஒரு மின்ட்" என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த மின்ட் என்ன என்று எத்தனை பேர் யோசித்திருப்பீர்கள்? தங்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். கம்பெனி காலத்திலும் விக்டோரியா ராணி காலத்தின் ஆரம்பத்திலும் நிஜமாகவே அங்கே நாணயம் அடித்தார்கள். 1869ல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் பஸ் போர்டில் நிற்கிறது.

சரி, போலிக்கு வருவோம்.

நான் முதன்முதலில் ஏமாந்தது 1991ல், பாரிமுனை நடைபாதையில். கனமான செப்புக் காசு. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இண்டியா கம்பெனி, ஒன் அணா, 1818. "சார், கோயில் உண்டியல்லேர்ந்து வந்தது, ராசியான காசு" என்றார் விற்றவர். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், எண்பதுக்கு முடித்தேன். பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து பூஜை அலமாரியில் வைத்தேன். எங்க அம்மா அதற்குக் குங்குமம் வேறு இட்டார்கள்.

அந்த மாதிரி ஒரு காசைக் கம்பெனி எந்தக் காலத்திலும் அடித்ததில்லை. 1818ல் சென்னை ராஜதானி அப்போதுதான் வராகன், பணம், காசு என்ற கணக்கிலிருந்து ரூபாய்க்கு மாறிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், எண்பது காசு ஒரு பணம் என்பது அதற்கு முன் இருந்த கணக்கு. ஒரு அணா என்று தனியாக ஒரு நாணயம் இந்தியாவில் புழக்கத்துக்கு வந்ததே ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1907 வாக்கில்தான். அதுவும் செம்பு இல்லை, நிக்கல் கலந்த வெள்ளைக் காசு, ஓரம் அலை அலையாக இருக்கும். ஆக, 1818ல் செம்பில் ஒரு அணா என்பது, காந்தி படம் போட்ட நோட்டு அக்பர் காலத்தில் இருந்தது என்கிற மாதிரி. இது இன்றைக்கும் விற்கிறது. 1616 என்றும் 1717 என்றும்கூட வருஷம் போட்டு விற்கிறார்கள். லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதே காசை வைத்துத்தான் "அரிசியை இழுக்கும்" என்று இரிடியம் வியாபாரமும் நடக்கிறது. ரைஸ் புல்லிங் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ கும்பலைப் போலீஸ் பிடித்துவிட்டது, ஆனாலும் புதுசு புதுசாகக் கிளம்புகிறார்கள். காசு அரிசியை இழுக்காது. அரிசிக்குள் மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்திருப்பார்கள், எங்கேயாவது காந்தம் இருக்கும். இயற்பியல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், விளக்கம் தேவையில்லை. ஆனால் அதில் பணம் போட்டவர்களிலும் பட்டதாரிகள் இருந்தார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் போனில் "பழைய இரண்டு ரூபாய்க் காசு இருக்கா? ஐந்து லட்சம் தருகிறோம்" என்று விளம்பரம் வரும். நீங்கள் போட்டோ அனுப்பினால், ரிசர்வ் வங்கிக் கமிஷன், வரி என்று முன்பணம் கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: இப்படிப்பட்ட வியாபாரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, எந்தக் கட்டணமும் நாங்கள் கேட்பதில்லை என்று. காசு அசலாகவே இருக்கும், ஆள்தான் போலி. அங்கே பரிசோதிக்க வேண்டியது காசை இல்லை.

இப்போது கொஞ்சம் தொழில் பேசுகிறேன். ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாணயம் என்பது அடிக்கப்படுவது, வார்க்கப்படுவது இல்லை. கெட்டிப்படுத்திய எஃகில் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி மேலே ஒரு டை, கீழே ஒரு டை. நடுவில் வெறும் உலோக வில்லை. சுற்றிலும் காலர் என்று ஒரு வளையம். பிரஸ் ஒரு அடி அடித்ததும் உலோகம் மாவு மாதிரி நகர்ந்து டையின் குழிகளுக்குள் ஏறும், ஓரத்தில் காலரின் பல்லுக்குள் இறங்கும். அப்படி நகர்ந்த தடம் மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மிக மெல்லிய கோடுகளாக நிற்கும். புத்தம் புதுக் காசை வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரு பளபளப்பு சக்கரம் மாதிரி சுழலுமே, அது இந்தக் கோடுகளால் வருவது.

போலி செய்பவனுக்குச் சுலபமான வழி வார்ப்பு. அசல் காசை வைத்து அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றுவது. நம் முன்னோர் கள்ளக் கம்பட்டம் என்றார்களே, அந்தக் கலையின் பாலபாடம் இது. ஆனால் ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் காசு அசலைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். மேற்பரப்பில் ஊசி குத்தின மாதிரி காற்றுக் குழிகள் இருக்கும். எழுத்துகள் சோப்பில் எழுதிக் கழுவிய மாதிரி மழுங்கியிருக்கும். ஓரத்தில் இரண்டு அச்சு சேர்ந்த கோட்டை அரத்தால் ராவியிருப்பான், அந்த ராவல் தெரியும். ஒரு பத்து ரூபாய் லென்ஸ் போதும், இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்றைக்கு அவ்வளவு சுலபம் இல்லை. எங்கள் டூல் ரூமில் ஸ்பார்க் எரோஷன் மிஷின் என்று ஒன்று உண்டு. எண்ணெய்க்குள் மின்பொறி விட்டு எஃகை அரித்து, மாதிரி எப்படியோ அப்படியே குழி எடுக்கும். அந்த மிஷினில் அசல் காசையே மாதிரியாக வைத்தால் டை தயார். அந்த டையில் அடித்தால் அதுவும் அடித்த காசுதான், வார்த்தது இல்லை! கூர்ந்து பார்த்தால் மேற்பரப்பு மணல் தூவின மாதிரி சொரசொரப்பாக இருக்கும், டையைப் பாலிஷ் போட்டிருந்தால் அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட மிஷினைப் பல வருஷம் ஓட்டியவன் நான். நல்ல வேளை, எங்களுக்கு லாரி பாகம் செய்கிற வேலையே தலைக்கு மேல் இருந்தது.

இந்த ஞானத்தோடு நான் ஊரில் ஒரு சின்ன நிபுணன் ஆகிவிட்டேன். யாராவது பரணில் காசு கிடைத்தது என்றால் என்னிடம் வருவார்கள். நான் ஸ்டைலாக வெர்னியரை எடுப்பேன், தராசை எடுப்பேன். பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தராசின் மேல் ஒரு கப் தண்ணீரை வைத்து, எடையைச் சுழியம் ஆக்கிக்கொள்ள வேண்டும். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். தராசு 1.13 கிராம் காட்டினால் அந்த வெள்ளி சரியான வெள்ளி. பித்தளையில் முலாம் பூசியதென்றால் தராசு அதிகம் காட்டும். ஆர்க்கிமிடீஸ் சமாச்சாரம்தான். நம் இயற்பியல் பேராசிரியர் இதை நடத்தியபோது நான் கேன்டீனில் இருந்தேன், பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

2012ல் என் நண்பன் வந்தான். இதே கல்லூரியில் என் செட். பெயர் வேண்டாம். கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவன், காசு சேர்ப்பதில் எனக்குக் கூட்டாளி. கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஒரு ரூபாய், வருஷம் 1939.

சேகரிப்பாளர்களுக்கு இந்த வருஷம் சொன்னாலே மூச்சு நிற்கும். ஆறாம் ஜார்ஜ் பெயரில் நல்ல வெள்ளியில் ரூபாய் அடித்தது இரண்டே வருஷம், 1938, 1939. பிறகு யுத்தம் வந்தது, வெள்ளித் தட்டுப்பாடு. 1940லிருந்து பாதிக்குப் பாதி வெள்ளி போட்ட கலப்பு உலோகத்துக்கு மாறிவிட்டார்கள். 1938 நிறையக் கிடைக்கும். 1939 புழக்கத்தில் வந்தது மிகக் கொஞ்சம். ஒரு ராஜா, ஒரு வடிவம், ஒரு எடை, ஒரு வெள்ளி. கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். விலையோ மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம்.

"அறுபதாயிரம் கேக்கறான்டா. கண்காட்சியில பாத்த ஆளு. நாளைக்குள்ள சொல்லணும். பொண்ணு பெரிய படிப்புக்குப் போறப்ப வித்துக்கலாம்னு பாக்கறேன். நீ பாத்துச் சொல்லு, நீ சொன்னா சரி" என்றான்.

நான் பார்த்தேன். எடை 11.6. குறுக்களவு முப்பதரை மில்லிமீட்டர். தண்ணீர்ச் சோதனை, கச்சிதம். ஓரத்துப் பல் சுத்தம். சுண்டினால் கோயில் மணி. உலோகம் நகர்ந்த கோடுகள் தெரிகின்றன, ஆகவே வார்ப்பு இல்லை. "நூத்துக்கு நூறு அசல்டா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன். அதே வார்த்தைகள். இப்போதும் காதில் கேட்கிறது. அவன் வாங்கினான். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

ஐந்து வருஷம் கழித்து அவன் பெண்ணுக்கு நல்ல காலேஜில் இடம் கிடைத்தது. காசை விற்கலாம் என்று ஏலக்காரர்களிடம் கொண்டுபோனான். இவ்வளவு அபூர்வமான காசென்றால் பரிசோதனைச் சான்று இருந்தால் நல்லது என்றார்கள். ஒரு முகவர் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பினோம். கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஆனது. "தண்டச் செலவு" என்று நான் வேறு சொன்னேன்.

காசு திரும்பி வந்தது. பேழையில் அடைக்கப்படாமல், சாதாரணக் கவரில். கூடவே ஒரு சீட்டு: தேதி திருத்தப்பட்டது.

அன்றைக்கு ராத்திரி தொழிற்சாலையில் பழைய சக ஊழியர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, டூல் ரூம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அந்தக் காசை வைத்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைசி இலக்கம் 9 இல்லை. அது 8ஆகப் பிறந்தது. கீழ்ச் சுழியின் இடது பக்கத்தைச் சிற்றுளியால் வழித்து எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சுற்றியிருந்த தளத்தில் நகர்ந்த கோடுகள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன, அந்த ஒரு இடத்தில் மட்டும் கோடு அறுந்து, சின்னச் சின்னக் குறுக்குக் கீறல்கள். உளி போன தடம்.

அந்தத் தடம் எனக்குத் தெரியாததா? முப்பத்தொரு வருஷம் டையில் பிசிறு வந்தால் அதே மாதிரி உளியை வைத்துத்தான் வழித்தெடுத்தேன். என் கையெழுத்து மாதிரி எனக்கு அது தெரியும். 2012லேயே அந்த இலக்கத்தை மட்டும் ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. எடையைப் பார்த்தேன், வெள்ளியைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன். அது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது நிஜமான 1938 ரூபாய். போலி அந்த ஒரு இலக்கத்தில் மட்டும்தான். அதை நான் பார்க்காததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. அது 1939ஆக இருக்க வேண்டும் என்று எனக்கே ஆசை. நம்ம கல்மண்டபத்துல ஒரு 1939 இருக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லணும், அதை நான்தான் பார்த்துச் சொன்னேன்னு சொல்லணும். என் தராசில் எடை மட்டும் இல்லை, இந்த ஆசையும் உட்கார்ந்திருந்தது.

அந்தச் சான்று கொடுத்தவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டை விஷயத்தில் அவருக்கு நான் பாடம் எடுக்கலாம். ஆனால் அவருக்கு என் நண்பனைத் தெரியாது, அவன் பெண்ணைத் தெரியாது, காசு விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன. அசலோ போலியோ, அவருக்குக் கட்டணம் ஒன்றுதான். நாம் கொடுக்கிற பணம் அந்தச் சம்பந்தமின்மைக்குத்தான்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், தப்பென்றால் திருத்தலாம். புறநானூற்றில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒரு புலவர். வண்ணக்கன் என்றால் நாணயப் பரிசோதகன். வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை, நடுவில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிற ஆள். அதை ஒரு தொழிலாக, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற பட்டமாக, ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே வைத்திருந்தோம். காரணம் இல்லாமல் இல்லை. ரோமாபுரித் தங்கம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கரை இது. புதுக்கோட்டைப் பக்கத்தில் 1898ல் கிடைத்த புதையலில் ஐந்நூற்றுச் சொச்சம் ரோமானியப் பொற்காசுகள். பலவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளி வெட்டு இருக்கிறது. ரோமானியக் காசைப் பார்த்து இங்கேயே அடித்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. ஆக, போலியும் பழசு, பார்த்துச் சொல்கிறவனும் பழசு.

எப்போது சான்றுக்குப் போக வேண்டும், எப்போது வேண்டாம் என்று என்னைக் கேட்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க் காசுக்கு மூவாயிரம் செலவு பண்ணுவது பைத்தியக்காரத்தனம். அதற்கு லென்ஸும் தராசும் போதும். நஷ்டமானால் தாங்க முடியாத பணம் என்றால் மட்டும் போங்கள். அதிலும் விற்கிறவரே கம்ப்யூட்டரில் அடித்து, தங்க நிறத்தில் முத்திரை ஒட்டிக் கொடுக்கிற "அசல் சான்றிதழ்" காகித விலைக்குக்கூட தேறாது. 1980களில் அமெரிக்காவில் ஆரம்பித்த பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து, எண் போட்டு, எழுபது வரை மார்க் போடுகின்றன. அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் காசின் விவரம் வரும், பலவற்றுக்குப் படமும் வரும். உங்கள் கையில் உள்ள கீறலும் படத்தில் உள்ள கீறலும் ஒன்றா என்று பாருங்கள். ஏனென்றால் இப்போது பேழையையே போலி பண்ணுகிறார்கள்! அசல் எண்ணைக் காப்பி அடித்து, உள்ளே வேறு காசை வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, பரிசோதனைக்கு என்றாலும் சரி. என் நண்பனின் காசு நூறைத் தொடாததால் போய் வந்தது. 2039 வந்தால் அதற்கும் கதவு சாத்தப்படும். பழைய காசுகளுக்கு இங்கேயே ஆள் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள், வியாபாரம் பண்ணாதவர்கள். ஒருத்தருக்கு இரண்டு பேரைக் கேளுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் அது வேறு சமாச்சாரம். அதைக் கலெக்டர் ஆபீசில் தெரிவிக்க வேண்டும் என்று 1878லிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது.

தயவுசெய்து காசைப் புளி போட்டு விளக்காதீர்கள். வீட்டில் பெண்கள் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் விளக்கி, "பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்கு" என்பார்கள். விலையும் போய்விடும், பரிசோதிக்கிறவர் பார்க்க வேண்டிய தடயமும் போய்விடும். களிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தேர்ந்த கை பார்க்க வேண்டிய வேலை. தினமலர் ஆசிரியராக இருந்து 2021ல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சதுரச் செப்புக் காசில் பெருவழுதி என்ற தமிழ் எழுத்துகளை அப்படித்தான் பொறுமையாகக் கண்டுபிடித்தார். சங்ககாலப் பாண்டியனின் பெயர் காசில் கிடைத்தது சின்ன விஷயமா? புளியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சான்று வந்துவிட்டால் பணம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அசல் வேறு, அபூர்வம் வேறு. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்று ஒரு கப்பல் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கியது. அதில் இருந்தது நம்ம சென்னைக்கு என்று பர்மிங்காமில் அடித்த பத்துக் காசு, இருபதுக் காசு செப்பு நாணயங்கள். 1980களில் மூழ்குகிறவர்கள் அதை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். சுத்தமான அசல், இருநூறு வயசு, கடலில் கிடந்த கதை வேறு. ஆனால் அவ்வளவு கிடைப்பதால் மலிவு. நான்கூட ஒன்று வாங்கினேன். நம்ம ஹார்பருக்கு வந்து சேர வேண்டிய சரக்கு, என் வீட்டுக்காவது வந்து சேரட்டுமே என்று.

நண்பன் கதையை முடிக்கவில்லை. விற்ற ஆள் எங்கே என்று தேடினோம். போன் நம்பர் இல்லை, ரசீது இல்லை. போலீசுக்குப் போனால் மோசடி வழக்காக வரும். ஆனால் அவன்தான் விற்றான் என்பதற்கு எங்களிடம் என்ன சாட்சி? பரோட்டாக் கடை பில்கூட இல்லை. பெண்ணின் முதல் வருஷப் பீஸுக்கு அவன் மனைவியின் வளையல் சேட்டுக் கடைக்குப் போனது. பணத்தை நான் தருகிறேன் என்றேன். "நீ இன்னாடா பண்ணுவே? கேட்டது நானு" என்றான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவன் கடைப் பக்கம் நான் போகவில்லை. அவனும் என் வீட்டுக்கு வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. எதிரே பார்த்தால் சிரிப்போம், நிற்க மாட்டோம். நாற்பது வருஷப் பழக்கம்.

பிறகு ஒரு நாள் காலையில் அவனே வந்தான். அந்தக் காசை என் மேஜையில் வைத்து, "இத நீயே வெச்சுக்கோ. எவனாவது காசு காட்ட வந்தா, மொதல்ல இத எடுத்து முன்னாடி வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, காபி கேட்டான். பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். வளையல் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கதையைச் சபையில் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் இருக்கிறான், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே மாடிப்படி பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். தராசு, லென்ஸ், ஒரு கப் தண்ணீர், அந்த ரூபாய், நான். வீட்டிலிருந்து காசு கொண்டுவந்திருக்கிறவர்கள் வரலாம், கட்டணம் கிடையாது. போலி என்றால் போலி என்று சொல்வேன், ஏன் என்றும் காட்டுவேன். அசல் என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன், வற்புறுத்தாதீர்கள். "என் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மேற்கொண்டு யாரைக் கேட்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சீட்டு எழுதுவதற்கு என் நண்பன் பக்கத்தில் உட்காருகிறான், என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்கிறான்.